நிமிராத பன்னிரண்டு அம்புகள்

அம்புக்காரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கணக்கு வாத்தியாரையே உற்றுப் பார்த்தாள். வாத்தியாருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார். வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள். அவள் பார்த்தது கையிலிருந்த மூங்கில் அம்பு நேராக இருக்கிறதா என்று. அது நீட்டிய திசையில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

"மறுபடியும் வளைஞ்சிருக்கா?"

"ம்... நடுக்கணுவுக்கு மேல. போன வாரம் வளைஞ்ச அதே இடம்."

பட்டறை மூலையில் இறகு ஒட்டிக்கொண்டிருந்த அவள் தம்பி தொண்டையைக் கனைத்தான். எட்டு வாரமாக இதே கதை. சனிக்கிழமை மூன்று மணி அடித்தால் போதும், வாத்தியார் பன்னிரண்டு அம்புகளோடு வாசலில் நிற்பார். முதல் தடவை மழையில் நனைந்து வளைந்ததாகச் சொன்னார். சரி, நடக்கிறதுதான். அதற்குப் பிறகு மழையே இல்லை, ஆனாலும் வாராவாரம் பன்னிரண்டும் கோணிக்கொண்டு வருகின்றன.

மற்றவர்களுக்கு இப்படி ஆவதில்லை. கரி அடுப்பில் சூடு காட்டி, பள்ளம் வெட்டிய மரத்துண்டில் வைத்து எதிர்ப்பக்கமாக அழுத்தி, சூடு ஆறும்வரை விடாமல் பிடித்திருப்பாள் அம்புக்காரி. அவள் கைபட்டால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை என்று வில் கழகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தம்பிக்கு விஷயம் விளங்கி நாலு வாரம் ஆகிறது. அக்காவுக்கு முப்பத்தாறு வயது. வாத்தியாருக்கு நாற்பது இருக்கும், தனிக்கட்டை. மனுஷன் வீட்டில் உட்கார்ந்து அம்புகளை முழங்காலில் வைத்து வளைத்துக்கொண்டு வருகிறார். வேறென்ன? அவனுக்கு அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால் ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க வேண்டாமா?

"அம்பையெல்லாம் வீட்டுல எங்க சார் வைக்கிறீங்க?"

"துணிப்பையில போட்டு ஆணியில தொங்க விட்டிருக்கேன்."

"வெயில் படுமா? ஈரம் ஏதாவது?"

"ரெண்டுமே கிடையாது தம்பி."

"அப்ப அதுவாவே வளைஞ்சுக்குது!" என்று தம்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அக்கா சிரிக்காமல் அடுப்பை ஊதினாள். நிமிர்த்திய அம்பொன்றை அவனிடம் நீட்டினாள், இறகு சரிபார்க்க.

"ஸ்ஸ்... சுடுதுக்கா!" அம்பைக் கைமாற்றிக் கைமாற்றி ஊதினான் தம்பி. வாத்தியார் பதறி எழுந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நல்ல மனுஷன்தான் என்று தம்பி மனதுக்குள் இன்னொரு மதிப்பெண் போட்டான்.

வாத்தியார் திரும்பப் போய் உட்காரவில்லை. "இன்னிக்கு ஒரு விஷயம் சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார்.

தம்பி பசைக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்பாடா, ஒருவழியாக!

"அடுத்த ஞாயிறு கழகத்துல டீம் எடுக்கிறாங்க. நான் பேர் கொடுக்கல. வில்லை எங்க ஸ்கூல் டிரில் மாஸ்டருக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏன் சார்?" என்றாள் அம்புக்காரி.

"பின்ன என்னங்க? ஒரு அம்பு வடக்க போகுது, இன்னொண்ணு தெற்க போகுது. போன வாரம் கழகத் தலைவர் சைக்கிள் டயர்ல போய்க் குத்திருச்சு. நான் பிடிச்சா நேரா இருக்கிற அம்பே கோணிக்குது. எனக்கு இதுக்கு ராசியில்ல. இனிமே உங்களையும் தொந்தரவு பண்ண மாட்டேன்."

கருகல் வாசம் அடித்தது. அக்கா கையிலிருந்த அம்பு அடுப்பின் மேல் அப்படியே நின்றுவிட்டது. தம்பி பாய்ந்து அதைப் பிடுங்கினான். இனியும் சும்மா இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தோன்றியது.

"சார், நேராவே கேக்கிறேன். நீங்களேதானே வளைச்சு எடுத்துட்டு வர்றீங்க? எங்க அக்காவைப் பார்க்கத்தானே?"

எங்கிருந்துதான் வாத்தியாருக்கு அந்தத் தைரியம் வந்ததோ!

"பார்க்கணும்னு ஆசை இருக்கு. மறைக்கல. எப்படிக் கேக்கிறதுன்னு தெரியாமதான் இத்தனை வாரமா முழிச்சுக்கிட்டு இருக்கேன். ஆனா சத்தியமாச் சொல்றேன் தம்பி, ஒரு அம்பைக்கூட நான் வளைக்கல."

தம்பி திகைத்துப் போனான். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

"அப்ப யாரு சார் வளைச்சது? மூங்கிலுக்கு என்ன பேயா பிடிச்சிருக்கு?"

அம்புக்காரி பன்னிரண்டு அம்புகளையும் வாரியெடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வில்லை யாருக்கும் கொடுக்காதீங்க சார். போய்ப் பேர் கொடுங்க. ஞாயித்துக்கிழமை பன்னிரண்டும் நேராப் போகும்."

"எப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

அவள் தலை நிமிராமலே சொன்னாள்:

"இந்தத் தடவைதான் நிஜமா நிமிர்த்தப் போறேன்."