லோடிங் டீ

"நல்லா ஓடுற கம்ப்யூட்டரை ஏன்ப்பா மறுபடியும் கழட்டுறே?"

ஸ்கூலிலிருந்து வந்த விஜயகுமாரி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். மேஜைக்கு அடியிலிருந்து மணிமாறன் தலையை நீட்டினான். நெய்வேலி மெயின் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஒரு காலத்தில் அவளிடம் படித்தவன்.

"சார்தான் வரச் சொன்னாரு டீச்சர். இப்ப இருக்கிற வேகம் அவருக்குச் சரிப்படலையாம்."

மைன்ஸில் முதல் ஷிப்ட் முடித்து வந்திருந்த அவள் கணவர் கருணாகரன், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்ன சீக்கிரமே வந்துட்டே? ஒண்ணுமில்ல விஜி, சின்ன வேலைதான். நான் பால் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

விஜயகுமாரிக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. இருக்கிற வேகம் போதாதா இந்த மனுஷனுக்கு?

மகன் அஸ்வின் பிளஸ் டூ படித்தபோது மலிவாக வாங்கிய கம்ப்யூட்டர் அது. பட்டனைத் தட்டினால் அது கண் விழிப்பதற்குள் டீ போட்டுக் குடித்தே முடித்துவிடலாம். "இந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்க" என்று வருஷக்கணக்காகத் திட்டியவள் அவள்தான். போன வாரம் மணிமாறன் வந்து, ஃபேனில் அப்பியிருந்த கரித்தூசியைத் தட்டி, ராம் மெமரியைக் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. மாட்டினான். அன்றிலிருந்து தட்டினவுடன் திரை பளிச். கருணாகரன் மைன்ஸ் பஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார்.

சைக்கிள் தெருமுனை திரும்பியதும் விஜயகுமாரி குரலைத் தாழ்த்தினாள்.

"மணிமாறா, எனக்கு ஒரு உதவி செய்வியா? சார்கிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லுங்க டீச்சர்."

"இதைப் பழையபடி மெதுவா ஆக்கிடு."

மணிமாறன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. "என்னா டீச்சர், ஊரே வேகமா ஓடணும்னு கேட்டுகினு வருது..."

"சிரிக்காதே. அவருக்கு ஷிப்ட், எனக்கு ஸ்கூல். சாயங்காலம் பட்டனைத் தட்டிட்டு, அது வர்ற வரைக்கும் பின்வாசல் படியில டீயும் வறுத்த முந்திரியுமா ரெண்டு பேரும் உட்காருவோம். 'லோடிங் டீ'ன்னு அவர்தான் பேர் வெச்சார். பஸ்ஸுல தூங்கி எவன் ஸ்டாப்பைத் தாண்டிப் போனான்னு நடிச்சே காட்டுவார். இப்ப பால் பொங்குறதுக்குள்ள அது வந்துடுது. நான் டீயை மேஜையில வெச்சுட்டு உள்ளே போயிடுறேன். அவர் கம்ப்யூட்டர்ல செஸ் ஆட உட்கார்ந்துடுறார்."

"இதைச் சார்கிட்டயே சொல்லலாமே?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? வேகம் வேணும்னு அவர் உசிரை வாங்கினதே நான்தானே. எனக்காகத்தான் ஆசை ஆசையா மாத்தினார்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ இன்னும் வேகமாக்கிட்டா, அவ்வளவுதான்."

மணிமாறன் வாய்விட்டுச் சிரித்தான். பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த பழைய ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்தான்.

"நான் வந்ததே இதைத் திரும்ப மாட்டத்தான் டீச்சர். 'பொட்டி டக்குனு வந்துடுது, உங்க டீச்சர் டீயை வெச்சுட்டு உள்ள போயிடுறாங்க, எனக்குப் பேச ஆளில்ல, அவங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள பழையபடி பண்ணிடுப்பா'ன்னு சார் காலையிலேர்ந்து போன் பண்ணிகினே இருந்தாரு!"