குழாய் பிடித்த கை

‘நீயின்றி நானில்லை’ என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுத்தான் சங்கு குளிக்கப் படகேறினான் கில்பர்ட். சண்டை போட்டு அம்மா வீட்டுக்குப் போன ரெஜினா அதைப் பார்த்து இந்நேரம் அழுதிருப்பாள் என்பது அவன் கணக்கு.

கடலுக்கு அடியில் இருப்பவனின் காற்றுக் குழாயை அந்த ஊரில் படகிலிருந்து மச்சினன்தான் பிடிப்பான். அக்காவை விதவையாக்க எந்தத் தம்பிக்கும் மனம் வராது என்ற நம்பிக்கை. அன்றும் ரெஜினாவின் தம்பி டெரன்ஸ் வந்திருந்தான்.

“ஸ்டேட்டஸைப் பாத்து உங்க அக்கா அழுதாளாலே?”

“சிரிச்சா, அத்தான். ‘சோறு பொங்க ஆளில்லை’ன்னு மாத்திப் போடச் சொல்லுதா.”

“கல்நெஞ்சுக்காரி! உனக்காவது எம்மேல பாசம் இருக்கே, வந்துட்டியே.”

“பாசமா? நேத்து நீங்க அக்காவைப் பேசுன பேச்சுக்கு, இந்தப் படகுல காலே வைக்கக் கூடாதுன்னு இருந்தேன். அவதான் விடியமுன்ன எழுப்பித் தள்ளிவிட்டா. குழாயை வேற எவன் கையிலயும் குடுக்கக் கூடாதாம். உங்ககூடப் பேச அவளுக்குப் பிடிக்கலையாம். ஆனா நீங்க மேல வரணுமாம்.”

கில்பர்ட் போனை எடுத்து ஸ்டேட்டஸை அழித்தான். குழாயை வாயில் கவ்வும் முன் மெதுவாகச் சொன்னான்:

“ஏலே, கரைக்குப் போனதும் என்னை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. பேசவெல்லாம் மாட்டேன். மேல வந்துட்டேன்னு மட்டும் காட்டிட்டு வாரேன்.”