கோல சிலாங்கூரின் ஏழு மின்மினிகள்

மேடையில் கிள்ளான் ஆறு நெளிந்து நெளிந்து ஓடியது.

ஆறு என்றால் கோமதி டீச்சரின் நீலப் புடவை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நால்வர் அதன் முனைகளைப் பிடித்துக்கொண்டு, கிழக்கே மலையாக நின்ற நெட்டைப் பையன்களிடமிருந்து மேற்கே கடல்வரை ஓடினார்கள். நடுவில் ஒருவன் தடுக்கி விழுந்ததில் வெள்ளம்கூட வந்தது.

பள்ளித் தவணை முழுக்கப் பாடமாகப் படித்த சிலாங்கூர் மாநிலம், அன்று சாயங்காலம் அந்தத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் கைகால் முளைத்து ஆடியது. ஈயச் சுரங்கம் வந்தது. ரப்பர்த் தோட்டம் வந்தது. அதை நெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனைத் தோட்டம் வந்தது.

மாநிலத்திலிருந்து தனியாகப் பிரிந்துபோன கோலாலம்பூராக வந்த கிஷன் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிக்கொண்டு நட்டநடுவில் நின்றான். “முன்ன நானும் சிலாங்கூருதான் லா. இப்ப தனிக்குடித்தனம்!” என்றான். மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

கோமதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. திரைக்குப் பின்னால், அவள் காலடியில் ஏழு மின்மினிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

என்ன செய்தாலும் வசனம் மனப்பாடம் ஆகாத பிள்ளைகள் அந்த ஏழு பேரும். அதிலும் வாணிக்கு நாலு பேரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மரமாக நிற்பதற்குக்கூட இதுவரை யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை.

கோல சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் எல்லாம் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும் என்று பாடம் நடத்திய அன்றே, கோமதி அவர்களைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கதான் மின்மினி. பேசவே வேணாம். ஹாலு மொத்தமும் வாயப் பொளந்துகிட்டுப் பாக்கும், பாருங்க.”

வாக்குக் கொடுத்த பிறகுதான் தலைமையாசிரியரிடம் போனாள். அங்கேதான் தப்பு.

பெரியகருப்பன் சாருக்குச் சட்டம் என்றால் சட்டம். போன வருடம் விளக்கை அணைத்து ஆடிய நடனத்தின்போது ஒரு விருந்தாளி படி தவறி விழுந்து, புகார் மேலிடம்வரை போயிருந்தது. அதிலிருந்து, நிகழ்ச்சி நடக்கும்போது மண்டபத்தில் ஒரு விளக்குகூட அணையக்கூடாது என்பது அவர் கட்டளை. கோமதி கெஞ்சிப் பார்த்தாள், சண்டையும் போட்டுப் பார்த்தாள். “முடியாதுன்னா முடியாது டீச்சர்” என்றார்.

வெளிச்சத்தில் மின்மினியை யார் பார்ப்பார்கள்?

பாட்டு மாறியது. ஏழு பேரும் மேடையேறினார்கள்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிக் கையுறையில் தைத்த குட்டி விளக்குகளை, சொல்லிக்கொடுத்தபடியே ஒன்றாக ஏற்றி ஒன்றாக அணைத்தார்கள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழு பிள்ளைகள் சும்மா கையை மூடித் திறப்பதுபோல இருந்தது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். “என்னா பண்ணுதுங்க இதுங்க?” என்று ஓர் அம்மா கேட்டது மேடைவரை கேட்டது.

வாணி திரும்பிக் கோமதியைப் பார்த்தாள்.

கோமதிக்குப் பிள்ளையை நம்பவைத்து ஏமாற்றிவிட்டோமே என்று அழுகை முட்டியது.

அப்போதுதான் மண்டபம் இருண்டது.

“கரண்டு போச்சு!” என்று யாரோ கத்தினார். உடனே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைப்பேசி விளக்குகள் எரிந்தன. கிடைத்த இருட்டையும் கெடுக்கிறார்களே என்று கோமதி தலையில் கைவைத்தாள்.

“லைட்டு அடிக்காதீங்க!”

மேடையிலிருந்து வந்த குரல். மெல்லிய, நடுங்கிய குரல். வாணி.

“மின்மினிக்கு லைட்டு ஆகாது!”

ஒரு கணம் எல்லாரும் திகைத்தார்கள். பிறகு மலையும் கடலும் செம்பனையும் தனிக்குடித்தனம் போன கோலாலம்பூரும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தின. “லைட்டு அடிக்காதீங்க! லைட்டு அடிக்காதீங்க!”

கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

பாட்டில் புல்லாங்குழல் வரும் இடத்தில் ஏழு பேரும் மின்னினார்கள். அணைந்தார்கள். மறுபடி மின்னினார்கள். மரமாக நின்ற பிள்ளைகளின் கைகளுக்கிடையில் பச்சைப் புள்ளிகள் ஒரே மூச்சாக வந்து போயின. கொட்டாவி விட்டவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கோமதி சொன்னபடியே அவர் வாயும் பிளந்துதான் இருந்தது.

பாட்டு முடிந்தது. விளக்குகள் வந்தன. கூரை பிய்ந்துவிடும்போலக் கைத்தட்டல்.

வாணி ஓடிவந்து கோமதியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “டீச்சர், நான் பேசிட்டேன்! நான் பேசிட்டேன்!” கோமதி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பெரியகருப்பன் சார் மூச்சிரைக்க மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார். முகம் எப்போதும்போல உர்ரென்று இருந்தது.

“மின்சாரத் தடைக்கு மன்னிக்கணும். நம்ம கையில இல்லாத விஷயம்,” என்றார். பரவாயில்லை, பரவாயில்லை என்று பெற்றோர்கள் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் கோமதிக்கு உறைத்தது. கரண்டு போன நேரத்தில் பாட்டு ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. அவள் தலைக்கு மேல் மின்விசிறியும் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

அவள் சாரைப் பார்த்தாள். சார் கூரையைப் பார்த்தார்.

கோமதி கைதட்டத் தொடங்கினாள். ஒரு மன்னிப்புக்கு இந்த டீச்சர் எதற்கு இப்படிக் கைதட்டுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியவே இல்லை.