கடைசி வீட்டில் அம்பு

அம்பை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

வாங்கினாள். உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசலில் கொட்டுக்காரர்கள் அடித்து ஓய்ந்துவிட்டார்கள். செபஸ்தியார் சப்பரம் தோள்களின் மேல் நிற்கிறது. உச்சி வெயில்.

திருவிழாவன்று வெள்ளி அம்பு வீடு வீடாக வரும். வீட்டுக்காரி அதை உதட்டில் ஒற்றி முத்தி செய்து, பீடத்தில் வைத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நோய்நொடி அண்டாது என்பது நம்பிக்கை. கடைசி வீடு அவளுடையது. அங்கிருந்து அம்பு சப்பரத்தில் நிற்கும் செபஸ்தியார் சுரூபத்தின் நெஞ்சுத் துளைக்குத் திரும்பும். அது திரும்பாமல் சப்பரம் கோயிலுக்குள் நுழையாது. வழியில் தரையில் இறக்கவும் கூடாது. சப்பரம் நுழையாமல் அசன விருந்தில் ஒரு கரண்டி சோறு யார் இலையிலும் விழாது.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சாத்தினாள்.

பீடத்தில் செபஸ்தியார் படம். படத்துக்குக் கீழே, துணியால் வாய் கட்டிய ஒரு மண்கலயம்.

கலயத்துக்குள் அவள் புருஷன் தொம்மை.

வருஷம் தவறாமல் இந்தச் சப்பரத்தின் முன்கொம்பைச் சுமந்தவன். தோளில் காய்ப்பு காய்த்திருந்தது. கொரோனாவில் செத்தான்.

ஆஸ்பத்திரி வண்டி அவனைக் கொண்டுவந்தபோது, கல்லறைத் தோட்டத்து வழியில் உடைமுள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். கேட்டில் பூட்டு. முள்ளுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. துக்கமணி அடிக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் கோயில் கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி. தொம்மையின் சித்தப்பா மகன். மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, கையை மட்டும் ஆட்டினான். போ, போ.

கொள்ளைநோய்க்குக் காவலர் என்று கோயில் வளைவில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்த ஊர். கொள்ளைநோய் வந்ததும் காவலரை விட்டுவிட்டு முள்ளை நம்பியது.

வண்டி திரும்பியது. டவுன் மின்மயானத்தில் அவள் கையில் ஒரு கலயத்தைக் கொடுத்தார்கள்.

அவனுடைய அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடம் கேட்டாள். அதுதான் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. இஞ்ஞாசி கமிட்டியைக் கூட்டிப் பேசிவிட்டு வந்தான்.

"சாம்பல அடக்கம் பண்ற வழக்கம் நம்ம ஊர்ல கெடையாது மைனி."

சாம்பலாக்கியவன் சொல்கிறான்!

அன்றைக்கு அவளுக்குப் பற்றிய தீ இன்னும் அணையவில்லை.

ஊரடங்கில் நின்றுபோன திருவிழா இந்த வருஷம்தான் மறுபடி வந்தது. நவநாளில் சாமியார் பிரசங்கம் வைத்தார். செபஸ்தியார் படைவீரர். விசுவாசத்துக்காக அவரை மரத்தில் கட்டி அம்பெய்தார்கள். செத்தான் என்று விட்டுப்போனார்கள். ஐரின் என்றொரு விதவை அடக்கம் செய்ய வந்தாள், மூச்சிருக்கக் கண்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். உடம்பு தேறியதும் அவர் ஓடி ஒளியவில்லை. அரசன் முன்னால் மறுபடி போய் நின்றார்.

ஐரினுக்கு ஒரே வரி. சாமியார் அரசனுக்குத் தாவிவிட்டார்.

அவள் தாவவில்லை. அந்த வரியோடு வீட்டுக்கு வந்தாள். அடக்கம் செய்ய வந்தாளாம். அந்த ஊரில் யாரும் முள் வெட்டிப் போடவில்லை போலிருக்கிறது.

கதவு தட்டப்பட்டது.

"மைனி, நேரமாவுது. அம்பக் குடுங்க."

திறந்தாள். வலது கையில் அம்பு. இடது இடுப்பில் கலயம்.

கூட்டம் விலகியது. அன்றைக்கும் நன்றாக விலகத்தான் செய்தது.

அவள் சப்பரத்தின் பக்கம் போகவில்லை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து நடந்தாள்.

"ஏ மைனி! எங்க போறீங்க?"

அம்பு போகிற இடத்துக்குச் சப்பரம் போயாக வேண்டும். சப்பரத்தின் பின்னால் ஊர் போயாக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொட்டுக்காரர்களில் ஒருவன் மட்டும் டொக், டொக்கென்று தட்டிக்கொண்டு வந்தான். யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.

கேட்டில் அதே பூட்டு.

இஞ்ஞாசி ஓடிவந்து குறுக்கே நின்றான். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நல்லா இருக்கா மைனி இது? சாமி வெயில்ல நிக்காரு."

"நிக்கட்டும். ஒங்க அண்ணன் இங்கதான் கெடந்தாவ."

அவள் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுரூபத்தின் நெஞ்சில் துளை காலியாக இருந்தது.

சப்பரம் முன்பக்கமாக ஆடியது. பெண்கள் "ஐயோ சாமி" என்று கத்தினார்கள். தோள் மாற்ற ஆள் கிடையாது. இருந்த ஒருவன் கலயத்தில் இருக்கிறான்.

"அந்தக் கேட்டத் தொறந்து தொலையும்வே!"

சப்பரத்துக்கு அடியிலிருந்து வந்தது குரல். அருளப்பன். தொம்மையோடு முன்கொம்பு பிடித்தவன். உடைமுள்ளை வெட்டியவனும் அவன்தான்.

இஞ்ஞாசி கூட்டத்தைப் பார்த்தான். தனக்கு ஆதரவாக ஒரு முகமாவது இருக்கிறதா என்று தேடினான். எல்லாரும் சப்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். துருப்பிடித்த பூட்டு சட்டென்று இசையவில்லை. இரண்டு கையாலும் திருகினான். திறந்தது.

கேட்டைத் தள்ளிவிட்டு, காரியம் முடிந்தது என்பதுபோல் அம்புக்குக் கை நீட்டினான்.

அந்தக் கையை அவள் பார்த்தாள். அன்றைக்குப் போ, போ என்று ஆட்டிய கை.

அம்பை இடுப்புச் சேலையில் செருகிக்கொண்டாள்.

"மொதல்ல மம்பட்டி எடுத்துட்டு வா" என்றாள்.