சூடேறும் கைப்பட்டை

அக்காவுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து அவள் மணிக்கட்டு மட்டும் சூடாகவே இருந்தது. புதுத் தாய்மார்களும் வீட்டாரும் இருக்கும் ஆன்லைன் ஆதரவுக் குழுவில் அவள் எழுதுவதற்கு யார் லைக் போட்டாலும், போனோடு இணைத்த அவள் கைப்பட்டை சூடேறும், யாரோ கையைப் பிடித்த மாதிரி.

“குழந்தையைத் தூக்கவே பயமா இருக்கு” என்று எழுதினாள். பட்டை கொதித்தது. ஏன் பயம் என்று ஒருத்தராவது கேட்டார்களா? பக்கத்து அறையிலிருந்த மாமாவும் ஒரு லைக் போட்டார். பொண்டாட்டிக்கு ஆறுதல் சொல்லிவிட்டாராம்!

நேற்று குழுவில் லைக் பொத்தானை எடுத்துவிட்டார்கள். அக்கா மறுபடி எழுதினாள்: “இன்னைக்கும் பயமா இருக்கு.”

மாமா போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “எழிலு, லைக் எங்கம்மா போச்சு?”

“தூக்கிட்டாங்க. வாய் இருக்குல்ல மாமா? போய்க் கேளுங்க.”

முறைத்தார். ஆனாலும் எழுந்து அக்கா அறைக்குப் போனார்; நானும் பின்னாலேயே போனேன்.

“என்ன பயம், யாழினி?”

“தூக்கக் கலக்கத்துல கீழ போட்டுடுவேனோன்னு. கண்ணை மூடறதே இல்லீங்க.”

“குடு இங்க. நான் வெச்சிருக்கேன், நீ படு.”

“கழுத்தப் பிடிங்க!” என்று நானும் அக்காவும் ஒன்றாகக் கத்தினோம். மாமா இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றார். அதைப் பார்த்துச் சிரித்த அக்கா, சிரித்தபடியே தூங்கிப்போனாள்.