பீச் ஜாம்

முதல் தேர்தலில் நெவாடா முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர் செனட்டர் ட்ரெஸ்காட். நான்காவது முறை நிற்கும் இப்போது, ஓட்டு கேட்பதெல்லாம் அவர் குரலில் தினமும் போன் பேசும் இயந்திரம்தான். அதற்குக் கொடுத்திருந்ததும் அந்த முதல் தேர்தல் காலத்துக் குரல்.

பழைய ஞாபகம் தாங்காமல் ஒரு மதியம், யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு எல்கோ என்ற சிற்றூருக்குப் போனார். தெரிந்த வீடு ஒன்றின் கதவைத் தட்டினார். வீட்டுக்காரி டோரீன் திறந்தாள்.

"நான் செனட்டர் ட்ரெஸ்காட். பதினெட்டு வருஷம் முன்னாடி இதே வாசல்ல எனக்கு பீச் ஜாம் கொடுத்தீங்க."

"ஆப்ரிகாட் ஜாம்," என்றாள். "செனட்டர் காலையில போன்ல சரியாத்தானே சொன்னார்? நீங்க யாரு?"

"நான்தாங்க அவர்."

"அப்ப சொல்லுங்க, எனக்கு எந்த முழங்கால்ல ஆபரேஷன்?"

அவர் குனிந்து அவள் முழங்கால்களைப் பார்த்தார். உள்ளே போன் அடித்தது. டோரீன் முகம் மலர எடுத்தாள். மறுமுனையில் அவருடைய இளமைக் குரல் வாய்விட்டுச் சிரித்தது. அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று! தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி அவரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஓட்டு உங்களுக்குத்தான் செனட்டர்," என்றாள் டோரீன் போனில். "அப்புறம் பேசறேன். வாசல்ல யாரோ ஒரு பெரியவர் நிக்கறார்."