பச்சை சாக்கெட்டும் கறுப்பு பிளக்கும்

"ஏம்மா டார்லீன், இருபது வருஷமா லாரி ஓட்டறே. அறிவுன்னு ஒண்ணு வேணாமா?"

தலைமை மெக்கானிக் வெண்டல் போட்ட சத்தம் ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டுச்சு. மத்த மெக்கானிக்குங்க ரெண்டு பேர் வேலையை விட்டுட்டு வேடிக்கை பார்க்க வந்துட்டாங்க. டார்லீன் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

லாரி நிறைய ஐஸ்கிரீம். நாலு மணிக்குள்ள லிங்கன் ஊர்த் திருவிழாவுக்குப் போய்ச் சேரணும். வண்டியோ டாஷ்போர்டுல அத்தனை விளக்கையும் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி எரியவிட்டுட்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்து நிக்குது.

காரணம், டிரைவர் ஓட்டின நேரத்தைக் குறிச்சு வைக்கிற பொட்டி. பொட்டி பழசு, அதோட பிளக் கறுப்பு. வண்டி புதுசு, சாக்கெட் பச்சை. கறுப்பு பச்சைக்குள்ள நுழையாது. நுழையக்கூடாதுன்னே செஞ்சது. அந்தக் கறுப்பு பிளக்கை யாரோ அரம் போட்டு ராவி, உள்ளே திணிச்சிருக்காங்க.

"புது வண்டிக்குள்ள இன்ஜின், பிரேக் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ரெட்டை வேகத்துல பேசிக்குது. உன் பழைய பொட்டிக்கு அது புரியல. புரியலைன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா வேணாமா? 'தப்பு, தப்பு'ன்னு கத்துது. இன்ஜினும் பேச முடியல, பிரேக்கும் பேச முடியல."

"விருந்துல எங்க பெரியப்பா மாதிரி."

"சிரிக்காதே. இதை ராவினவனை உள்ளே தள்ளணும்."

பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க முதலாளி மிஸஸ் ப்ரூயிட். "ராவினது நம்ம ஆளா இருந்தா இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கிடுவேன். யார் செஞ்சது டார்லீன்?"

வெண்டல் ஏற்கெனவே துடைச்ச ஸ்பேனரை மறுபடி துடைச்சான்.

"நான்தான் மேடம். நகம் ராவுற அரத்தால."

"நகம் ராவுற அரமா?"

"மூணு தேஞ்சு போச்சு மேடம்."

முதலாளி தலையில அடிச்சுக்கிட்டாங்க. "புதுப் பொட்டி ஒண்ணை மாட்டி இவளை முதல்ல அனுப்பு வெண்டல்." ஆபீசுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. மெக்கானிக்குங்களும் கலைஞ்சாங்க.

வெண்டல் பொட்டியை மாத்தினான். விளக்கெல்லாம் அணைஞ்சுது. மணி ரெண்டரை. போயிடலாம்.

டார்லீன் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியா கையை நீட்டி, வெண்டல் சட்டைக் கையில ஒட்டியிருந்த கறுப்புத் தூளைத் தட்டிவிட்டா.

"ஏம்ப்பா, காலையில நீ இதை ராவிக் குடுக்கும்போது இந்த விவரமெல்லாம் எங்கே போயிருந்துச்சு?"